திருமாறனைத் தொடாத கடல்

சிப்பிக்குப்பத்தில் கடல் பின்வாங்கிய கதையை யாரிடம் கேட்டாலும் கடலில் தொடங்கமாட்டார்கள், பஸ்ஸில்தான் தொடங்குவார்கள். ஏனென்றால் ஒரு மண் கலயத்துக்குள் சாம்பலாக அந்த ஊருக்கு வந்து சேர்ந்த வேலாயுதம் முப்பத்தொரு வருஷம் பண்ருட்டிப் பக்கம் அரசு பஸ் ஓட்டியவர். தூரத்தில் ஒரு பொம்பளை இடுப்பில் பிள்ளையோடு வரப்பில் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் போதும், கண்டக்டர் விசில் ஊதி ஊதி வாய் வலித்தாலும், உள்ளே இருக்கிறவர்கள் நேரமாச்சு நேரமாச்சு என்று சபித்தாலும், கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "ஆளு வருதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். சபித்தவர்களே மறுநாள் தாங்கள் ஓடிவரும்போது அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மனுஷ ஜாதி அப்படித்தான்.

அவருடைய மகன் திருமாறனுக்குக் காத்திருப்பது என்றாலே உடம்பெல்லாம் எரியும். மஸ்கட்டில் ஏசி ரிப்பேர் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அப்பா இறந்தபோது லீவு கிடைக்காமல், இருபத்து மூன்றாவது நாள் பத்தே நாள் லீவில் மனைவி சுகந்தியோடும் ஏழு வயது மகள் இதழினியோடும் வந்து இறங்கினான். அந்தப் பத்து நாளில் மூன்று நாள் கடற்கரை ரிசார்ட்டில் தங்குவது என்று மகளுக்குப் போன வருஷமே வாக்குக் கொடுத்திருந்தான். அஸ்தியும் கரைக்க வேண்டியிருந்தது. அஸ்தி கரைக்கவும் கடல் வேண்டும், பிள்ளை விளையாடவும் கடல் வேண்டும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவன் கணக்குப் போட்டது அவனுக்குத் தப்பாகவே படவில்லை. கலயம் காரில் சாயாமல் இருக்க, மணல் வீடு கட்டவென்று இதழினிக்கு வாங்கிய ரோஸ் நிறப் பிளாஸ்டிக் வாளிக்குள் அதை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு, மரக்காணத்துக்குத் தெற்கே, சிப்பிக்குப்பத்துக் கரையில் இருந்த நீலவேணி ரிசார்ட்டுக்கு வந்து சேர்ந்தான்.

வாசலில் சங்குமாலையும் இளநீருமாக வரவேற்ற மேனேஜர் சேவியர், மஞ்சள் துணியால் வாய் கட்டிய கலயத்தைப் பார்த்துவிட்டு மாலையைப் போடலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தடுமாறினார்.

"சார், இது..."

"எங்கப்பா," என்றான் திருமாறன்.

"ரூமுக்குள்ள வைக்கக்கூடாது சார். உங்களுக்குத் தெரியாததில்ல. வெளியில ஏற்பாடு பண்றேன்."

நீச்சல் குளத்து ஓரம் இருந்த பாதாம் மரத்தில், தாழ்வான கிளையில் உறிபோலக் கயிறு கட்டிக் கலயத்தைத் தொங்கவிட்டார்கள். தோட்டக்காரர் காத்தமுத்து, செத்தவர் பஸ் டிரைவர் என்று கேள்விப்பட்டதும், தானும் ஒரு காலத்தில் அந்த ரூட்டில் போனவர் என்பதால், மரத்தடியில் ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு வேளாவேளைக்கு வைத்தார். டீயின் மேல் ஆடை படியும், ஈ உட்காரும், சாயங்காலம் பார்த்தால் கிளாஸ் காலியாக இருக்கும். காக்காய் குடித்திருக்கலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் திருமாறன் ஈர வேட்டியோடு கலயத்தைத் தோளில் வைத்துக் கடலை நோக்கி நடந்தான். முதல் அலை அவன் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று திரும்பிப் போனது. அவன் ஓரடி முன்னால் வைத்தான், அடுத்த அலை ஓரடி முன்னாலேயே திரும்பிற்று. பத்தடி நடந்தான், கடல் பத்தடி போனது. நூறடி நடந்தான், நூறடி போனது. இதற்குள் ஈர மணலில் நண்டுகள் கண்ணை நிமிர்த்திக்கொண்டு என்ன நடக்கிறதென்று பார்க்க, கால் மைல் தூரம் அவன் கடலைத் துரத்தினான், கடன் கேட்க வந்தவனைக் கண்ட ஆள்போல அது முகம் கொடுக்காமல் பின்னால் நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் மூச்சு வாங்கி நின்றான். அதுவும் நின்றது, ஆனால் திரும்பி வரவில்லை.

அந்தக் கரையில் கடல் பின்வாங்கினால் என்ன அர்த்தம் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போன கடல் எப்படித் திரும்பி வந்தது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனது என்பதற்கு ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட படம் இருந்தது. கோயில் மணி அடித்தார்கள். குப்பமே ரேஷன் கார்டையும் கோழியையும் தூக்கிக்கொண்டு புயல் பாதுகாப்பு மையத்தின் மொட்டை மாடிக்கு ஏறியது. ரிசார்ட் விருந்தாளிகள் துண்டோடும் கறுப்புக் கண்ணாடியோடும் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். கடல் தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடாகக் கிடந்தது. மத்தியானம்வரை பார்த்தார்கள். பசி வந்தது. ஒருவர் இறங்கினார், பிறகு எல்லோரும் இறங்கினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் அந்த ஊரின் சாமர்த்தியம். மாலைக்குள் பெண்கள் கடலின் தரையில் அன்னக்கூடையோடு மட்டி பொறுக்கப் போனார்கள். பிள்ளைகள் மூன்று குச்சியை நட்டு, அதுவரை மீன் மட்டுமே பார்த்திருந்த இடத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். சுண்டல்காரரும் ஐஸ் வண்டிக்காரரும் பலகை போட்டு வண்டியை உருட்டிக்கொண்டு புதுக் கரைக்குக் குடிபோனார்கள். நங்கூரம் ஒன்று கிடைத்தது, சைக்கிள் ஒன்று கிடைத்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை அலையோடு போன கிருஷ்ணவேணியின் தையல் மிஷின் பாசி படர்ந்து நின்றபடியே கிடைத்தது. அவள் அதைக் கழுவி எண்ணெய் விட்டு மிதித்தாள், ஓடியது, அழுதுகொண்டே ஒரு தலையணை உறை தைத்தாள். சேவியர் சும்மா இருக்கவில்லை. கடல் கண்முன்னே இல்லையென்று குறைப்பட்ட விருந்தாளிகளைப் பேட்டரி வண்டியில் ஏற்றி அனுப்பி, "மனிதக் கால் படாத கடல் தரையில் காலை நடை, டிபனுக்கு முன்" என்று பலகை எழுதி வைத்தார்.

படகுகள் மட்டும் சாய்ந்து கிடந்தன. விசைப்படகும் சரி, ஃபைபர் படகும் சரி, சேற்றில் பக்கவாட்டில் படுத்து வெயிலில் காய்ந்தன. தண்ணீர்வரை இழுக்க ஆளில்லை. இரண்டு நாள் தள்ளிப்போகலாம், மூன்றாவது நாள் அடுப்பு கேள்வி கேட்கும்.

அன்று சாயங்காலம் ஊர்த் தலைவரான நாட்டாரும், மீன்காரப் பெண்கள் சங்கத்துத் தலைவி அஞ்சலாட்சியும் ரிசார்ட்டுக்கு வந்தார்கள். அஞ்சலாட்சி நீச்சல் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். ஐம்பது வயது, குரல் மீன் ஏலத்துக்கென்றே செய்தது.

"தம்பி, தப்பா நெனச்சிக்காத. செத்தது உங்கப்பன்தான?"

"ஆமாம்மா."

"கொள்ளி வச்சது நீதான?"

சுகந்தி கணவனைப் பார்த்தாள். இதழினி வாளியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. திருமாறன் தொண்டையைச் செருமினான்.

"நான்தான்," என்றான்.

அவன் வாயை மூடவில்லை, புதுக் கரையிலிருந்து கூச்சல் கேட்டது. ஐஸ் வண்டிக்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்து, கடல் மறுபடியும் எழுந்து போய்விட்டது, இந்தத் தடவை பார்வைக்கே தெரியவில்லை என்றார். அஞ்சலாட்சி காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

நடந்தது வேறு. இரண்டு வருஷம் கை கால் விழுந்து கிடந்த வேலாயுதத்தை வைத்துப் பார்த்தவள் மூத்த மகள் பொற்கொடி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். காலையில் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, அவர் துணியை அலசிப்போட்டுவிட்டு, நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடப் போவாள். அப்பா போனதும், சித்தப்பா மகன் கொள்ளி வைக்கட்டும், எனக்குப் படம் அனுப்புங்கள் என்று திருமாறன் போனில் சொன்னான். "அப்பா என்னையத்தான்டா வைக்கச் சொன்னாரு," என்றாள் அவள். "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப பொட்டச்சி நீ வச்சா, ஊர்ல என்னைத்தான் செத்தவன்னு சொல்லுவாங்க," என்று இவன் கத்தினான். அவள் வைத்தாள். ஈரப் புடவையோடு, தோளில் நீர்க்குடத்தோடு அவள் நிற்கும் படம் மஸ்கட்டுக்கு வந்தது. அதைப் பார்த்தபோது அவனுக்கு அழுகை வரவில்லை, வெட்கம் வந்தது. அப்பா போனதற்கு அழாமல் வெட்கப்பட்டோமே என்ற வெட்கம் பிறகு வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

தம்பி வரட்டும், சேர்ந்து போய்க் கரைக்கலாம் என்று அவள் அஸ்தியை மயானத்து அலமாரியிலேயே வைத்துக் காத்திருந்தாள். இருபத்து மூன்று நாள். அவன் விமான நிலையத்திலிருந்து நேராக மயானத்துக்குப் போய், நான்தான் மகன் என்று சொல்லிக் கலயத்தை வாங்கிக்கொண்டான். கழுத்தில் கட்டியிருந்த சீட்டில் "பொற்கொடி, த/பெ வேலாயுதம்" என்று எழுதியிருந்தது. அதை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கார் ஏறினான்.

கடல் பின்வாங்கிய இரண்டாம் நாள் அவன் ஐயர் ஒருவரை வரவழைத்தான். ஐயர் பேட்டரி வண்டியில் சார்ஜ் தீரும்வரை மந்திரம் சொல்லிக்கொண்டே போய்விட்டு நடந்து திரும்பி வந்தார். பிறகு கலயத்தைப் படகுக்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டான். அவர் மத்தியானம் நடந்து போனவர் பொழுது சாயத்தான் வந்தார், கலயத்தைக் கிளையில் மாட்டிவிட்டு, "நீ குடுத்து அனுப்புனதுன்னு அதுக்குத் தெரியுது தம்பி. நான் போகப் போக அதுவும் போவுது. இன்னும் கொஞ்சம் போயிருந்தா அந்தமான்லதான் ஏறியிருப்பேன்," என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். திருமாறனால் சிரிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம். கலயத்தை மரத்திலேயே விட்டுவிட்டுப் போனால் அப்பா காலத்துக்கும் ஒரு நீச்சல் குளத்தின் ஓரம் தொங்குவார், இந்தக் குப்பத்தின் அடுப்புகளும் எரியாது. இரண்டும் தன் தலையில்தான் விடியும் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"என்னங்க," என்றாள் சுகந்தி. "கடல் என்ன சொல்லுதுன்னு ஊருக்கே புரியுது. உங்களுக்கு மட்டும் இன்னும் புரியலையா?"

"அவகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசச் சொல்ற?"

"வேற மூஞ்சி இருக்கா? இருக்கறத வச்சிக்கிட்டுத்தான் பேசணும்."

மூன்றாம் நாள் காலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. குடிக்க மோர் கொடுத்தார்கள், உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், எதிரில் சாய்ந்து கிடந்த படகுகளைப் பார்த்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார்கள். அவன் எழுந்து நின்று சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தான்.

"கொள்ளி வச்சது எங்கக்கா," என்றான். "நான் பொய் சொன்னேன். அவளுக்குச் சொல்லாம எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

கூட்டம் கிழக்கே திரும்பிப் பார்த்தது. கடல் வரவில்லை, ஆனால் மேலும் போய்விட்டதென்று இந்தத் தடவை யாரும் கூச்சலிட்டு ஓடிவரவும் இல்லை.

"உண்மையச் சொன்னா மட்டும் ஆச்சா? ஆள வரச்சொல்லு," என்றாள் அஞ்சலாட்சி.

பதினொரு தடவை போன் போட்டான். எடுக்கவில்லை. அஞ்சலாட்சி தன் போனை நீட்டினாள், செதில் ஒட்டிய பழைய போன், அதிலிருந்து போட்டதும் இரண்டாவது மணியிலேயே அக்கா எடுத்தாள். எதிர்ப்பக்கம் பெரிய அண்டாவில் கரண்டி உரசும் சத்தமும் பிள்ளைகளின் இரைச்சலும் கேட்டன.

"அக்கா, நான்தான்."

அவன் பேசினான். கோர்வையாகச் சொல்ல வரவில்லை, லீவு கிடைக்காததைச் சொன்னான், படம் வந்ததைச் சொன்னான், கடல் போனதைச் சொன்னான், நடுவில் தன்னையறியாமல் அழுதான். கரண்டி நின்றது.

"பால் செம்போட மயானத்துல போய் நின்னேன்டா," என்றாள் பொற்கொடி. "உன் தம்பி எடுத்துட்டுப் போயிட்டாரும்மான்னான் காவக்காரன். அந்தப் பாலை என்ன பண்றதுன்னு தெரியல எனக்கு. குடிச்சிட்டேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"அப்பா எங்க இருக்காரு?"

"பாதாம் மரத்துல."

"மழை கிழை படுதா?"

"இல்லக்கா."

"சரி. பசங்களுக்குச் சோறு போட்டுட்டுத்தான் வரமுடியும். காத்திரு."

அவன் காத்திருந்தான். ரோட்டோரப் பஸ் நிறுத்தத்தில், வேப்ப மரத்தடியில், உச்சி வெயிலில் தொடங்கி, ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். கலயம் அவன் பக்கத்தில் ரோஸ் வாளிக்குள் இருந்தது. அப்பா வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை எவ்வளவு கஷ்டமானது என்று அப்போதுதான் அவன் உடம்புக்குத் தெரிந்தது. ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக வந்து அவனோடு நின்றார்கள். நாலு மணிக்கு வந்த பஸ்ஸிலிருந்து, சாப்பாட்டுக் கூடையோடு, சாம்பார் தெறித்த புடவையோடு பொற்கொடி இறங்கினாள். தம்பியைப் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தாள். குனிந்து கலயத்தை எடுத்து, பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்று அஞ்சலாட்சியைக் கேட்டாள்.

கடலின் தரையில் அவள் நடந்தாள். பின்னால் திருமாறன், சுகந்தி, வாளியோடு இதழினி, அதற்குப் பின்னால் குப்பம் முழுக்க, ரிசார்ட் சமையல்காரர்கள் தொப்பியோடு, டீ கிளாஸோடு காத்தமுத்து. சாய்ந்த படகுகளைத் தாண்டி, கிரிக்கெட் குச்சிகளைத் தாண்டி, காய்ந்த பாசியும் உடைந்த சிப்பியும் காலில் குத்த நடந்தார்கள். அரை மணி நேரம் கழித்துக் கிழக்கில் வெள்ளிக் கோடு தெரிந்தது. கூட்டம் நின்றுவிட்டது, அந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் மறக்கவில்லை. பொற்கொடி நிற்கவில்லை. கோடு தடித்தது, சத்தம் வந்தது, பிறகு கடலே வந்தது. பாய்ந்து வரவில்லை. தாமதமாகிவிட்டது என்று தெரிந்த ஆள் எதிர்கொண்டு வருவதுபோல, அவள் நடக்கும் வேகத்திலேயே நடந்துவந்து, பாதி வழியில் அவள் கணுக்காலைத் தொட்டு நின்றது.

அவள் துணியை அவிழ்த்தாள். "போப்பா, ஏறியாச்சு," என்று சொல்லிக் கலயத்தைக் கவிழ்த்தாள். சாம்பலில் ஒரு துளிகூட மேலே நிற்கவில்லை. காத்தமுத்து டீயை ஊற்றினார்.

பிறகு எல்லோரும் கரையை நோக்கித் திரும்பி நடந்தார்கள். மேய்ச்சலிலிருந்து வீடு திரும்பும் மாடுபோலக் கடல் அவர்கள் பின்னாலேயே வந்தது. படகுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தியது, கிரிக்கெட் குச்சிகளை எடுத்துக்கொண்டது, பழைய இடத்துக்கு வந்து படுத்தது. கிருஷ்ணவேணியின் தையல் மிஷினை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

அஸ்தி கரைத்தவர்கள் தலை முழுக வேண்டும். பொற்கொடி மூன்று முழுக்குப் போட்டு எழுந்தாள். சுகந்தியும் இதழினியும் முழுகினார்கள். திருமாறன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அவன் கால் வைத்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஓரடி விலகிற்று. இடதுபக்கம் சுகந்தி இடுப்பளவில் நிற்க, வலதுபக்கம் பிள்ளை குதித்து விளையாட, அவன் நின்ற இடம் காய்ந்த மணலாக இருந்தது. இரண்டடி போனான், இரண்டடி விலகிற்று. ஊர்க்காரர்கள் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டு படகுகளைப் பற்றிப் பேசினார்கள்.

பொற்கொடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இதழினியிடமிருந்து ரோஸ் வாளியை வாங்கி, கடலில் ஒரு வாளி மொண்டு வந்தாள்.

"குனி," என்றாள். "தலை முழுகாம வீட்டுக்குள்ள போகக்கூடாது."

அவன் குனிந்தான். மூன்று வாளி ஊற்றினாள். சின்ன வாளி, பிள்ளையைக் குளிப்பாட்டத்தான் காணும். தண்ணீர் அவன் தலையில் விழுந்து, முதுகில் வழிந்து, மணலில் ஒரு நிமிஷமும் தங்காமல் சின்ன ஓடையாகக் கடலைப் பார்த்து ஓடியது. "அக்கா," என்றான், நிமிராமலே. அவள் வாளியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

துக்கக் காரியத்திலிருந்து போகிறவர்கள் போயிட்டு வர்றேன் என்று சொல்லக்கூடாது, சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் முறை. அவள் முறைப்படி போனாளா, மனசு ஆறாமல் போனாளா என்று திருமாறன் மஸ்கட்டில் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறான். மேட்டில் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஈரப் புடவையோடு அவள் ஓடுவதை டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும், பஸ் நின்றது, அவள் ஏறும்வரை நின்றது, பிறகு போனது.

திருமாறன் கடல் பக்கம் திரும்பினான். ஓரடி எடுத்து வைத்தான். கடலும் ஓரடி எடுத்து வைத்தது, பின்னால்.